கொலையாளி யார் என்பது மட்டும் போதுமா?

"கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டால் அப்புறம் அந்தப் படத்தை ஏன் பார்க்க வேண்டும்?" என்று நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அதற்கான பதிலைத் தேடுவதே இந்த உரையின் நோக்கம்.

ஒரு கொலை, அதைச் சுற்றிச் சந்தேகத்துக்குரிய பலர், அவர்களை விசாரிக்கும் ஒருவர். பல நடிகர்கள் சேர்ந்து நடிக்கும் மர்மப் படத்தின் அடிப்படை இவ்வளவுதான். 2016 டிசம்பர் 29-இல் வெளிவந்த 'துருவங்கள் பதினாறு' இவ்வகையில் நல்ல உதாரணம். இயக்குநர் கார்த்திக் நரேன் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். ஓய்வு பெற்ற காவல் அதிகாரியாக ரகுமான், கோயம்புத்தூரில் தாம் விசாரித்த பழைய வழக்கொன்றை ஓர் இளைஞரிடம் சொல்லத் தொடங்குகிறார். ஒரு மரணம், காணாமல் போன ஒரு பெண், காரில் சென்ற நண்பர்கள், செய்தித்தாள் போடும் பையன் என்று இழைகள் பின்னிக்கொள்கின்றன.

முதலில் நிறைகள். பாடல் இல்லை, தனி நகைச்சுவைப் பகுதி இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் படம் முடிகிறது. முக்கியமாக, தடயங்களை இயக்குநர் ஒளித்து வைக்கவில்லை. நம் கண்ணெதிரே வைத்துவிட்டு நம் கவனத்தை மட்டும் வேறு பக்கம் திருப்புகிறார். அதனால்தான் முடிவு தெரிந்த பிறகும் மறுபடி பார்க்கத் தோன்றுகிறது. "அட, இது அப்போதே இருந்ததே!" என்பது இரண்டாவது முறை பார்ப்பவருக்குக் கிடைக்கும் பரிசு.

குறைகளும் உண்டு. பல முடிச்சுகள் கடைசியில் வேகவேகமாக, பெரும்பாலும் பேச்சாலேயே அவிழ்கின்றன. பாத்திரங்கள் பலர், ஆனால் மனத்தில் நிற்பவர் சிலர். காணாமல் போன பெண்ணை ஒரு மனுஷியாக நாம் அறிவதே இல்லை. அவர் ஒரு புதிர்த்துண்டு மட்டுமே. இது இந்தப் படத்தின் குறை மட்டுமன்று. நட்சத்திரங்கள் குவிந்த 2017-ஆம் ஆண்டின் ஆங்கிலப் படமான 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' படத்திலும் பலருக்கு நிமிடக் கணக்கில்தான் இடம்.

இதற்கு மாற்று வழி தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. 1954-இல் எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' படத்திலும் பாடல் கிடையாது. சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்ட 1943-ஆம் ஆண்டின் பின்னணியில், சிவாஜி கணேசன் நடித்த வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஒவ்வொருவரும் தம் பார்வையில் கதை சொல்கிறார்கள். இறந்தவர் எப்படிப்பட்டவர் என்பதோடு, சொல்பவர் எப்படிப்பட்டவர் என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. சந்தேகமே அங்கே குணச்சித்திரமாகிறது.

இது எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். நான் ரெம்பியா பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். சிறுவயதில் எங்கள் லயத்தருகே ஒரு மளிகைக் கடையில் பணம் காணாமல் போனது. புதிதாக வந்திருந்த கூலிக்காரர் ஒருவர்மீது எல்லார் பார்வையும் விழுந்தது. சில நாள் கழித்துக் கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே பணம் கிடைத்தது. அதற்குள் அவர் மூட்டை முடிச்சோடு போய்விட்டிருந்தார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

படத்தில் சந்தேகிக்கப்பட்ட நிரபராதி, விளக்கு போட்டதும் விடுதலையாகிவிடுகிறார். லயத்தில் அப்படி இல்லை. ஆகவே, பச்சை குத்தியவன், ஏழை, வெளியூர்க்காரன் என்று தோற்றத்தை வைத்தே நம்மைச் சந்தேகிக்க வைக்கும் படம், கடைசியில் அந்தச் சந்தேகத்துக்காக நம்மைக் கொஞ்சமாவது வெட்கப்பட வைக்க வேண்டும்.

நம் நாட்டில் படமெடுக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வீடு, ஏழெட்டு நடிகர்கள், ஓர் இரவு போதும். பெரிய செலவில்லாத வடிவம் இது. ஆனால் திருப்பத்தை எழுதுவதற்கு முன், இறந்தவருக்காக அழ ஒருவரை எழுதுங்கள். அப்போது முடிவு தெரிந்தாலும் மக்கள் மறுபடி வருவார்கள்.