‘போதும்’ என்ற சொல் பிள்ளையுடையது

ஒரு வயது முடிந்த பிள்ளை திடீரென்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டால் வீடே பதறிப்போகிறது. போன மாதம் வரை ஆசையாகத் தின்ற பருப்புச் சோற்றைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்கிறது. பெரும்பாலும் இது நோயல்ல, அடமும் அல்ல, வளர்ச்சியின் கணக்கு. 3 கிலோ எடையில் பிறந்த குழந்தை முதல் ஆண்டில் ஏறக்குறைய மும்மடங்காகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவதோ 2 முதல் 2.5 கிலோதான். வளரும் வேகம் தணிந்தால் பசியும் தணியத்தானே செய்யும்? புதிய உணவைக் கண்டு மிரளும் சுபாவமும் 2 முதல் 6 வயதுக்குள்தான் உச்சத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் அறியாததால்தான் இயல்பான ஒரு பருவம் பல வீடுகளில் தினசரிப் போராட்டமாகிவிடுகிறது.

அந்தப் போராட்டத்தில் பெரியவர்கள் பிடுங்கிக்கொள்வது, எவ்வளவு சாப்பிடுவது என்ற முடிவை. என்ன சமைப்பது, எப்போது, எங்கே பரிமாறுவது என்பவை பெற்றோரின் பொறுப்பு; சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு என்று அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்த பிரிவினை இதற்கு நல்ல அளவுகோல். பூச்சாண்டி காட்டியோ, மூக்கைப் பிடித்தோ, செல்போனை முன்னால் வைத்தோ நாலு வாய் உள்ளே தள்ளிவிடலாம். ஆனால் வயிறு நிறைந்ததை உணரும் பழக்கம் அங்கே மழுங்குகிறது. அழுதுகொண்டே விழுங்கினால் புரையேறும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், ‘சூப்பைக் குடித்து முடி’ என்று வற்புறுத்தப்பட்டபோது பாலர்பள்ளிக் குழந்தைகள், சும்மா விடப்பட்டபோது குடித்ததைவிடக் குறைவாகவே குடித்தார்கள். அந்த சூப்பைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள். வற்புறுத்தல் தன் நோக்கத்தையே தோற்கடிக்கிறது.

‘இப்படி விட்டால் பிஸ்கட்டைத் தவிர எதையும் தொடாது’ என்று பாட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் 1920-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வில் 15 குழந்தைகளைத் தங்கள் விருப்பப்படி சாப்பிட விட்டுப் பார்த்தார்; அவர்கள் நன்றாகவே வளர்ந்தார்கள். ஆனால் அவர்களுக்கு வைக்கப்பட்ட 34 உணவுகளில் சர்க்கரையும் மைதாவும் இல்லை. தட்டில் எது வரும் என்பதைப் பெரியவர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எல்லோரும் சேர்ந்து உட்காரும் வேளையில், பிள்ளைக்குப் பழகிய ஓர் உணவோடு முருங்கைக்கீரைப் பொரியலில் ஒரு சிட்டிகையும் வைக்கலாம். தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிடலாம். அதே பொரியலை 8 முதல் 15 தடவை வரை கண்டு, முகர்ந்து, துப்பிய பிறகே பல பிள்ளைகள் ஏற்கிறார்கள். மூன்றாம் தடவையே ‘இவனுக்குக் கீரை பிடிக்காது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கீரை தின்றால் சாக்லேட் என்று பேரம் பேசினால் கீரை தண்டனையாகவும் சாக்லேட் பரிசாகவும் மனத்தில் பதிகிறது. ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றுக்கு வயிற்றில் இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும்.

ரத்தசோகை மலிந்த ஊரில் பிள்ளையின் போக்குக்கு எப்படி விடுவது என்ற கேள்வி இன்னும் கனமானது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. அதனால்தான் வாயில் திணிப்பதில் செலவாகும் கவலை, எடை பார்ப்பதிலும் ரத்தப் பரிசோதனையிலும் செலவாக வேண்டும். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாகக் கட்டணமில்லாத சத்துணவு சலுகையல்ல, உரிமை. கிடைக்காவிட்டால் மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரிடமும் மாநில உணவு ஆணையத்திடமும் முறையிடலாம். பெற்றோரின் இந்தப் பதற்றத்தைக் காசாக்கும் விளம்பரங்களும் இருக்கின்றன. ‘ஹெல்த் ட்ரிங்க்’ என்ற சொல்லுக்கு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் வரையறையே இல்லை. மால்ட் பானங்களை அந்தப் பெயரில் வகைப்படுத்தக் கூடாது என்று இணைய வணிகத் தளங்களுக்கு 2024 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. டப்பாவின் பின்புறம் சர்க்கரை அளவைப் பாருங்கள். விளம்பரம் ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

எல்லா மறுப்பும் பருவக் கோளாறு அல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எடை ஏறாமல் நிற்பது, அல்லது குறைவது. விழுங்கும்போது இருமல், அடிக்கடி வாந்தி. மண்ணையோ சுண்ணாம்பையோ தேடித் தின்பது. ஓரிரு உணவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாதக்கணக்கில் ஒதுக்குவது, கூடவே பேச்சு தாமதமாவது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடமோ பிள்ளையைக் காட்டிவிடுங்கள்.