கித்மத்துக்குப் போகும் பிள்ளையும் தவக்குலும்

 

ஜனாஸா பணிக்கும் நோயாளிகளை அழைத்துச் செல்லும் உதவிக்கும் இளைஞர்களின் பெயர் கேட்டு நாங்கள் வரும்போது, தாய்மார்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" அல்லாஹ்வின் வேலையைச் செய்பவருக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி அவர்களின் வாயை அடைத்துவிடுவது எளிது. அந்தப் பதிலில் எங்களுக்கு உடன்பாடில்லை. தவக்குல் அப்படியொரு உத்தரவாதச் சீட்டு அல்ல.

2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். அடக்கம் செய்யப் போன இடத்தில் ஒரு கூட்டம் திரண்டு ஆம்புலன்ஸைத் தாக்கியது. உடன் சென்றவர்களுக்குக் காயம். கடைசியில் அவருடைய சக மருத்துவர் பிரதீப், நள்ளிரவில் தம் கையாலேயே மண் தள்ளி அடக்கினார். ஒரு வாரத்தில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அடக்கத்தைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் தடுப்பவரை நிறுத்தும்; மையித்தைத் தூக்க ஆள் தராது.

அந்த ஆளாக வந்து நின்றவர்களில் தமுமுக போன்ற அமைப்புகளின் தொண்டர்களும் உண்டு. பெற்ற பிள்ளைகளே நெருங்க அஞ்சிய உடல்களை, எந்த மதத்தவர் என்று பார்க்காமல், அவரவர் வழக்கப்படி அடக்கமோ தகனமோ செய்து கொடுத்தார்கள். இரண்டாம் அலையோடு ரமலானும் சேர்ந்து வந்த 2021இல், அந்தக் கவச உடைக்குள் நோன்போடு வியர்த்துக்கொண்டு நின்றவர்களும் உண்டு.

அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. 2020 மார்ச் 15ஆம் தேதியே மத்திய சுகாதார அமைச்சகம் வழிமுறை வெளியிட்டிருந்தது: கசிவில்லாத பையில் உடல், பையின் வெளிப்புறத்தில் ஹைப்போகுளோரைட் கரைசல், கையுறை, முகக்கவசம், முடிந்ததும் கை கழுவல். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைக்கட்டுமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு நம்பு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்ன செய்தி திர்மிதியில் இருக்கிறது. கையுறை நம் காலத்து ஒட்டகக் கயிறு.

கயிறு கட்டியும் ஒட்டகம் போகலாம். ஹிஜ்ரி 18இல் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. வழியில் செய்தி அறிந்த உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டுப் படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்க, அவனது ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்குப் போகிறோம் என்று விளக்கினார்கள். அபூ உபைதா (ரலி) தம் படையினரை விட்டு வராமல் ஷாமிலேயே தங்கி, அந்த நோயிலேயே வஃபாத்தானார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற முஆத் (ரலி) அவர்களும் அப்படியே. அபூ உபைதா, சுவனத்துக்கு நற்செய்தி சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். நோய் தொட்டவருக்கு ஈமான் குறைவு என்று இனி யார் நாக்கூசாமல் சொல்ல முடியும்? திரும்பிய உமரிடமும் தவக்குல் இருந்தது, தங்கிய அபூ உபைதாவிடமும் இருந்தது. விதித்ததைத் தவிர எதுவும் அணுகாது என்ற உறுதி மரணத்தைத் தள்ளிவைக்காது. பயத்தில் கை உறைந்துவிடாமல் காக்கும், அவ்வளவுதான். சிறிய பாதுகாப்பா அது?

ரிஸ்க்கும் இப்படித்தான். காலையில் வெறும் வயிற்றோடு போய் மாலையில் நிறைந்து திரும்பும் பறவையை நபி (ஸல்) உதாரணம் காட்டினார்கள். பறவை கூட்டை விட்டுப் பறந்தது என்பதையும் ஆலிம்கள் சேர்த்தே சொல்வார்கள்.

நம் ஊரில் பல வீடுகளின் ஆண்கள் வளைகுடாவில். வெள்ளாற்றங்கரையில் ஒரு மவ்த் என்றால் சந்தூக்குக்குத் தோள் கொடுப்பது இங்கே இருப்பவர்கள்தாம். ஜனாஸா ஃபர்ளு கிஃபாயா: சிலர் செய்தால் எல்லார் மீதும் உள்ள கடமை நீங்கும், எவரும் செய்யாவிட்டால் எல்லாரும் குற்றவாளிகள். அந்தச் சிலர் நம் கடமையையும் சேர்த்துத் தூக்குகிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது மற்றவர்கள் மீது உள்ள கடன். அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று நாம் கைகட்டி நிற்க அதில் இடமில்லை.

ஆகவே பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் வீட்டாரிடம் பேசி, மனப்பூர்வமான சம்மதத்தோடு வரட்டும். தாயோ மனைவியோ தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். இருந்தே செய்யக்கூடிய பணிகளும் உண்டு. தினக்கூலிக்குப் போகிறவர் அதையும் சொல்லிவிடட்டும். அன்றைய கூலியை அந்த வீட்டில் கொண்டு சேர்ப்பது, இன்ஷா அல்லாஹ், டிரஸ்டின் பொறுப்பு.