டரான்டுலா இரையைத் தொடவில்லையா?

பினாங்கு மலைச் சரிவுகளில் வளை தோண்டி வாழும் ஒருவகை டரான்டுலா சிலந்திக்கு 1892ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் யூஜின் சிமோன் பெயர் சூட்டிவிட்டார். இன்று ஜார்ஜ் டவுன் அடுக்குமாடி வீடுகளிலும் டரான்டுலா வளர்ப்போர் உண்டு. புதிதாக வளர்ப்பவர்களைப் பதற வைப்பது ஒன்றுதான்: நேற்றுவரை பாய்ந்து பிடித்த சிலந்தி, திடீரென இரையைத் தொடாது.

வயிறு உப்பி, நிறம் மங்கியிருந்தால் அது பெரும்பாலும் நோயல்ல, சட்டை உரிக்கப்போகிறது. பழைய மேலோட்டுக்கு அடியில் புதியது உருவாகிக்கொண்டிருக்கும். உரிக்கும்போது பல வகைகள் மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டதென்று தூக்கி எறிந்துவிடாதீர்கள், தொடவும் வேண்டாம்! செத்த சிலந்தியின் கால்கள் பொதுவாக உடலுக்கடியில் சுருண்டிருக்கும்.

உண்மையான ஆபத்து, தின்னாமல் விட்ட சுவர்க்கோழிப் பூச்சி பெட்டிக்குள்ளேயே கிடப்பது. உரித்த உடல் மிக மென்மையானது. இரையே வேட்டைக்காரியைக் கடித்துக் கொன்றுவிடக்கூடும். எனவே பூச்சியை உடனே எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

மீண்டும் எப்போது இரை கொடுப்பது? நச்சுப்பற்களைப் பாருங்கள். உரித்தவுடன் வெளுத்திருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுத்து இறுகும். கறுத்த பிறகே கொடுக்கலாம். குட்டிகளுக்குச் சில நாட்கள் போதும். பெரியவற்றுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம்.