காலில் ஆறாத புண்ணா? 'ஃபோம்' கட்டு எப்போது உதவும்?

"புண்ணைக் காற்றாட விட்டால்தான் காயும்." பிரிக்பீல்ட்சானாலும் கிள்ளானானாலும், பல வீடுகளில் இன்றும் கேட்கும் பேச்சு இது. சின்னச் சிராய்ப்பு என்றால் அப்படியும் ஆறிவிடும். ஆனால், இனிப்பு நீர் உள்ளவரின் பாதத்தில் வந்த புண்ணை அப்படி விட்டால் காலையே இழக்க நேரலாம்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே, இது நம் வீட்டுப் பிரச்சினை.

ஈரம் ஏன் வேண்டும்?

1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சோதனை செய்தார். மூடி ஈரமாக வைத்த காயத்தில், காயவிட்டதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் புதுத் தோல் வளர்ந்தது. அதே சமயம், ஈரம் மிஞ்சினால் சுற்றியுள்ள தோல் ஊறிக் கெடும்.

மிஞ்சிய நீரை உறிஞ்சி, தேவையான ஈரத்தை மட்டும் விட்டுவைப்பதே 'ஃபோம்' கட்டின் வேலை. பாலியூரித்தேனால் ஆன மெல்லிய பஞ்சு இது. துணிக்கட்டைப் போல் புண்ணோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது பிய்ப்பதில்லை. நீர் கசியும் புண்ணுக்கு ஏற்றது. காய்ந்த புண்ணுக்கு ஏற்றதல்ல. தினமும் மாற்ற வேண்டியதில்லை. கசிவு கட்டின் ஓரத்தை நெருங்கும்போது மாற்றினால் போதும். ஆனால், கிருமி தொற்றிய புண்ணை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

கட்டு மட்டும் போதாது

விலை கூடிய கட்டு என்பதால் புண் தானாக ஆறிவிடாது. நீரிழிவுப் பாதப் புண்ணுக்கு மற்றக் கட்டுகளைவிட இதுவே சிறந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2013இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறியது. சர்க்கரை கட்டுப்பட வேண்டும். காலுக்கு இரத்த ஓட்டம் வேண்டும். புண்ணின் மேல் உடல் பாரம் விழக்கூடாது. இறுக்கமான சப்பாத்துக்குள் தடித்த கட்டை வைத்து நடந்தால் அழுத்தம் கூடி, புண் இன்னும் ஆழமாகும்.

மஞ்சள், காப்பித்தூள், பற்பசை எதையும் புண்ணில் வைக்காதீர்கள். சிவப்பு பரவினாலோ, வீங்கினாலோ, துர்நாற்றம் வீசினாலோ, கறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே அரசாங்கக் கிளினிக்கிற்கு அல்லது மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நீரிழிவால் மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது. கோயிலில் வெறுங்காலோடு சுடுதரையில் நடந்தாலும் சூடு உறைக்காது. எனவே, இரவு படுக்கப் போகுமுன் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், பிள்ளைகளே பார்த்துச் சொல்லலாம்.