அகத்தியர் மலையின் மேற்குச் சாரல்

வெளிமாநிலங்களில் பணிபுரியும் நம்மவர் விடுமுறையில் குமரிமுனை வரை வருவதுண்டு. கடலாடிச் சூரியோதயம் கண்டபின் திருவனந்தபுரத்துக்கு ரயிலேறி விடுகிறோம். வழியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்னும் நிலையங்கள் ஜன்னலோரமாகக் கடந்து போகின்றன. அங்கே இறங்கிக் கிழக்கே மலையை நோக்கிச் செல்வோர் அம்பூரியை அடைவர்.

அம்பூரி, தமிழ்நாட்டு எல்லையை அடுத்த மலையூர். 1958ஆம் ஆண்டு எழுந்த நெய்யாற்று அணையின் நீர்ப்பரப்பு அதன் அருகே விரிந்து கிடக்கிறது. 2001 நவம்பர் 9ஆம் நாள் பெருமழையில் மண் சரிந்து, இச்சிற்றூரில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கார்காலத்தில் இம்மலைகளுக்குச் செல்வோர் அதனை மறவாதிருத்தல் நன்று.

ஊருக்கு அப்பால் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்பது அகத்தியர் மலை. தமிழ் முனிவர் உறைவிடம் என்பது மரபு. கீழைச் சரிவில் பொருநை பிறக்கிறது. மேலைச் சரிவில் நெய்யாறு. 2016இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் இம்மலைத்தொடர் இடம்பெற்றது. வனத்துறையின் அனுமதியின்றிச் சிகரம் ஏறலாகாது.

இம்மலையின் உண்மையான செல்வம் காணி மக்களே என்பது நம் கருத்து. 1987இல் தாவர ஆராய்ச்சிக்குச் சென்ற அறிஞர்கள் மலையேறிக் களைத்தனர். வழிகாட்டிய காணிகளோ களைக்கவில்லை. அவர்கள் இடையிடையே சிறு கனியொன்றை மென்றனர். அது யாதென வினவியபோது, வெளியாருக்குச் சொல்லலாகாது என முதலில் தயங்கினர். பின்னர் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்டினர். பாலோட்டுத் தாவரவியல் தோட்டத்தார் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கினர். உரிமத் தொகையிலும் ஆதாயத்திலும் பாதி காணிகளுக்கு என முடிவாயிற்று. 1997இல் அதற்கென அறக்கட்டளையும் அமைந்தது. தங்களைக் கலந்து கொள்ளவில்லை எனக் காணிகளுள் சிலர் குறைகூறியதும் உண்டு. அக்குறையில் நியாயம் இருந்தது.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் கதையும் இத்தகையதே. வேட்டையின்போது பசியடக்க அவர்கள் தின்ற ஊடியா என்னும் செடிக்கு, அவர்களைக் கேளாமலே காப்புரிமை பெறப்பட்டது; 2003இல்தான் பங்கு ஒப்பந்தம் உண்டாயிற்று. 'மரபறிவு' என்னும் சொல்லை அரசுக் கோப்புகளில் பன்முறை மொழிபெயர்த்திருக்கிறோம். அது ஒரு கனியின் வடிவில் ஒருவர் மடியில் இருக்கக்கூடும் என்று எண்ணியதில்லை.

மலையிறங்கினால் நெய்யாற்றங்கரையில் அருவிப்புறம். 1888இல் நாராயண குரு சாதி வழக்கத்தை மீறிச் சிவப் பிரதிஷ்டை செய்த தலம் அது. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் பழைய பலாமரத்தின் அடிப்பகுதியைக் காக்கின்றனர். பகைவருக்கு அஞ்சிய இளவரசர் மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்தார் என்பர்.

1956 நவம்பர் 1ஆம் நாள் இந்நாடு இரண்டாயிற்று. விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. விளவங்கோட்டு வயல்களுக்கு அணையிலிருந்து வந்த கால்வாய் நீர் 2004இல் நின்றுபோய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீரில் இயலாத இணக்கம் ஓர் அரண்மனையில் இயன்றிருக்கிறது. தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். அதனைப் பேணுவது கேரளத் தொல்பொருள் துறை. மரவேலையைக் காணவேனும் அரைநாள் ஒதுக்குக. திங்கட்கிழமைகளில் வாயில் அடைத்திருக்கும்.