வடக்கிலிருந்து வரும் நடவு ஆட்கள்: வயலுடையோர் கவனத்திற்கு

திருச்சி எடமலைப்பட்டி புதூரைச் சுற்றி ஒரு காலத்தில் வயலாயிருந்த நிலம் பலவும் இன்று மனைகளாகிவிட்டது. நாற்று நட்ட கைகள் பல கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போய்விட்டன. அந்தக் குறையை நிரப்ப, காவிரிப் பாசனப் பகுதிக்கு அண்மை ஆண்டுகளில் மேற்கு வங்காளம், பீகார் இளைஞர்கள் குழுக்களாக வருகிறார்கள். ஹவுராவிலிருந்து திருச்சிக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாளாகும்.

நெல் நடவு அவர்களுக்குப் புதிதல்ல. வங்காளமும் நெல் விளையும் பூமியே. ஆனால் ஏக்கர் கணக்கில் கூலி என்பதால் வேகம்தான் அவர்கள் வருமானம். மத்தியகால ரகத்துக்கு 20×10 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 50 குத்துகள் வேண்டும். அளவுக்குக் குச்சி வெட்டி முதல் வரிசையிலேயே காட்டிவிட்டால் மொழி தேவைப்படாது.

மொழி தெரியாததால் ஆபத்து வருவது வேறிடத்தில். தங்க இடமில்லாமல் பலர் மோட்டார் கொட்டகையில் படுக்கிறார்கள். அங்கேதான் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் இருக்கும், ஒயர்கள் தொங்கும். காலி மருந்து கேனைக் கழுவிக் குடிநீர் பிடிப்பது உயிருக்கே உலை வைக்கும். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கும் டப்பாவிலுள்ள முக்கோணத்தின் நிறம் புரியும்: சிவப்பு கடும் நஞ்சு, மஞ்சள், நீலம், பச்சை என வீரியம் குறையும். பச்சையும் நஞ்சுதான். யாராவது தவறிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் 108-ஐ அழைத்து, டப்பாவையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

அடுத்தது கூலி. மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுத்தால், முன்பணமும் வண்டிச் சத்தமும் போக இளைஞன் கையில் எவ்வளவு மிஞ்சியது என்பது வயலுடையவருக்குத் தெரிவதில்லை. இத்தாலியின் தக்காளி வயல்களிலும் இதே கதைதான். ஆப்பிரிக்க இளைஞர்களை அங்கே கங்காணிகள் வேலைக்கு அழைத்துப்போய்க் கூலியில் பங்கு பிடித்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து அகதியாக வந்து தக்காளி பறித்த ஜெர்ரி மாஸ்லோ 1989 ஆகஸ்டில் வில்லா லிட்டெர்னோவில் கொள்ளையரால் கொல்லப்பட்ட பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. 2016-இல் வந்த சட்டம் கங்காணியை மட்டுமல்ல, தொழிலாளரைச் சுரண்டும் பண்ணையாரையும் தண்டிக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி பின்னால் போன நம்மவருக்கு இது புரியாத சங்கதியல்ல. நடவு முடிந்த அன்றே, அனைவர் முன்னிலையிலும் கணக்குச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. சொந்த ஊர் அட்டை இருந்தால் இங்கே கைரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். குழுவினருக்கு ரேஷன் கடையை ஒருமுறை காட்டிவிடுங்கள். வரப்பில் மூடியுள்ள குடம் ஒன்றில் குடிநீர் இருக்கட்டும்.