வேலையை விட்ட கணேஷ்!

'பேசாம வேலையை விட்டுடலாமா?' - தாம்பரம் டு பீச் மின்சார ரயிலில் எங்கள் கோஷ்டியில் யாராவது ஒருத்தர் தினமும் கேட்கிற கேள்வி. விடுவதென்னவோ பெருமூச்சு மட்டும்தான்!

நிஜமாகவே விட்டவர் டெல்லி கணேஷ். 1944-ல் வல்லநாட்டில் பிறந்தவர். விமானப் படையில் பத்து வருஷ உத்தியோகம். கூடவே டெல்லியில் தமிழ் நாடகம். 1974-ல் யூனிஃபார்மைக் கழற்றினார். 1977-ல் கே.பாலசந்தரின் 'பட்டினப்பிரவேசம்' வந்தபோது வயசு முப்பதைத் தாண்டியாச்சு. ஹீரோ முகமும் இல்லை.

அதனால் என்ன? 400 படங்களுக்கு மேல் நடித்தார்! 'நாயகன்' (1987) படத்தில், இந்தி தெரியாத வேலு நாயக்கருக்கு வாயாக இருந்த ஐயர். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் நாலு வில்லன்களில் ஒருத்தர். அடுத்த வருஷமே 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில், சாம்பாரில் மீன் விழுந்த கல்யாணத்தில் தவித்த பாலக்காட்டு மணி ஐயர். மூணும் ஒரே ஆசாமிதான் என்பது படம் பார்க்கும்போது நமக்கு உறைக்கவே இல்லை பாருங்கள்... அதுதான் சார் நடிப்பு!

2024 நவம்பரில், ராமாபுரம் வீட்டில், 80 வயதில் காலமானார். விமானப் படையினர் வந்து, தங்கள் கொடியைப் போர்த்தி மரியாதை செய்தார்கள். அவர் விட்டுவிட்டு வந்து 50 வருஷம் ஆன ஆபீஸ்!

நம்ம ஆபீஸ்ல, ரிட்டயரான மறுநாளே நாற்காலியைத் தூக்கிடறாங்க.